மார்கரெட் ரிவர் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெர்த்தில் குடியிருப்பதால் ஊரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லோரும் மார்கரெட் ரிவர் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் எழுதி எழுதி, ஒரே விஷயத்தைப் பத்து முறை தட்டச்சு செய்தாயிற்று. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை, அதனால் முதலிலிருந்து படித்தால் நல்லது.

மார்கரெட் ரிவர்னா ஆறா, ஊரா?

இரண்டும்தான், ஆனால் மக்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு வட்டாரத்தையே சொல்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், வடக்கே கேப் நேச்சுரலிஸ்ட், தெற்கே கேப் லூவின் என்று இரண்டு முனைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல் மேடு. அதன் ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் மாட்டுப் பண்ணை, திராட்சைத் தோட்டம், காடு. மார்கரெட் ரிவர் என்ற சின்ன ஊர் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. பஸ்ஸல்டன், டன்ஸ்பரோ, யாலிங்கப், கவராமப், அகஸ்டா எல்லாம் சுற்றியுள்ள ஊர்கள்.

இது வடாண்டி மக்களின் நிலம். ஊர்ப் பெயர்கள் பலவும் 'அப்' என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள், அவர்கள் மொழியில் அது இடத்தைக் குறிக்கும் விகுதி. நம் ஊரில் பட்டி, ஊர், பாக்கம் என்று முடிவது போலத்தான்.

பெர்த்திலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி திரும்பிவிடலாமா?

முடியும், ஆனால் வேண்டாம். பெர்த்திலிருந்து ஊர் சுமார் 270 கிலோமீட்டர், போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அகஸ்டா கலங்கரை விளக்கம் வரை போனால் இன்னும் 45 கிலோமீட்டருக்கு மேல். ஆறு, ஏழு மணி நேரம் காரிலேயே போய்விட்டால் பார்ப்பது எப்போது? குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் வடக்குப் பக்கம், ஒரு நாள் தெற்குப் பக்கம் என்று பிரித்துக்கொண்டால் அவசரம் இருக்காது.

மெல்போர்ன்காரர்கள் பெர்த்துக்கே வர வேண்டியதில்லை. பஸ்ஸல்டனில் விமான நிலையம் இருக்கிறது, 2022 முதல் மெல்போர்னிலிருந்து ஜெட்ஸ்டார் விமானம் நேராக அங்கே இறங்குகிறது. அங்கிருந்து மார்கரெட் ரிவர் ஊருக்கு முக்கால் மணி நேரம்தான்.

எங்க வீட்டில் யாரும் குடிக்க மாட்டோம். அப்ப எங்களுக்கு அங்கே என்ன இருக்கு?

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். "ஒயின் ஊர்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்பதற்காகவே அம்மா அப்பாவைக் கூட்டிப்போகாமல் விட்டவர்களைத் தெரியும், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இங்கே வந்தபோது அவருக்கு அதிகம் பிடித்த ஊர் இதுதான், ஏனென்றால் அவர் விவசாயக் குடும்பத்துப் பெண், இது விவசாய ஊர். கவராமப்பில் பால் பண்ணை வரலாற்றை நினைவுபடுத்தக் கடைத்தெரு முழுக்கக் கருப்பு வெள்ளை ஃபைபர் கிளாஸ் மாடுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

பஸ்ஸல்டன் ஜெட்டி 1865-இல் பயன்பாட்டுக்கு வந்த மரப்பாலம், கடலுக்குள் 1.8 கிலோமீட்டர் போகிறது. தென் அரைக்கோளத்தில் மரத்தூண்கள் மேல் நிற்கும் ஜெட்டிகளில் நீளமானது இது. நடக்க முடியாதவர்களுக்குக் குட்டி ரயில் உண்டு. கடைசியில் தண்ணீருக்கு அடியில் எட்டு மீட்டர் இறங்கி, கண்ணாடி வழியாகத் தூண்களில் வளர்ந்த பவளத்தையும் மீனையும் பார்க்கலாம். இவ்வளவு தெற்கே வெப்பக் கடல் பவளம் எப்படி என்று கேட்டால், லூவின் நீரோட்டம் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவருகிறது.

தெற்கே போரனப் காடு. கேவ்ஸ் ரோடு அதன் நடுவே போகிறது, காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம், ஆனால் இறங்குங்கள். காரி மரங்கள் 60 மீட்டர் வரை உயரம், பட்டை உரிந்து அடிமரம் வெளிர் நிறத்தில் வழவழவென்று இருக்கும். மழை பெய்து முடிந்த கையோடு போனால் ஈரத்தில் அது இளஞ்சிவப்பாக மாறும். இத்தனையும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டித் தீர்த்த காடு, மறுபடி முளைத்து வளர்ந்ததுதான் இன்று நாம் பார்ப்பது.

இது தவிரக் குகைகள், கடல், சாக்லேட் கடை, பாலாடைக்கட்டிப் பண்ணை, சனிக்கிழமை காலை உழவர் சந்தை. ஒரு பாட்டிலைக்கூடத் திறக்காமல் மூன்று நாள் ஓடிவிடும்.

எந்த மாசம் வந்தால் நல்லது?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடலில் குளிக்க டிசம்பர் முதல் மார்ச் வரை. திராட்சை அறுவடை பார்க்க பிப்ரவரி, மார்ச்: ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சை முதலில் வரும், கேபர்னே சோவிஞ்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சை கடைசியில், ஏப்ரல் வரைகூடப் போகும். காட்டுப்பூக்களுக்கு செப்டம்பர், அக்டோபர். திமிங்கிலங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அகஸ்டா பக்கம், செப்டம்பரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை டன்ஸ்பரோ பக்கம். கரையில் நின்றே தெரியும், படகுக்குப் பணம் கட்டாமலும் பார்க்கலாம்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மழை அதிகம், ஆனால் கூட்டம் இல்லை, அறை வாடகையும் குறைவு. என்னைக் கேட்டால் அக்டோபர். பள்ளி விடுமுறை வாரங்களையும் ஈஸ்டரையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. குகைக்குள் இறங்க முடியுமா?

மேமத் குகைக்குக் கூட்டிப்போங்கள். நுழைவாயிலிலிருந்து கொஞ்ச தூரம் சமமான பலகைப் பாதை, அங்கிருந்தே கூரையின் உயரமும் தொங்கும் கற்களும் நன்றாகத் தெரியும். படி ஏற முடியாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம். காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் விளக்கம் சொல்வதால் யார் பின்னாலும் ஓட வேண்டாம்.

லேக் குகை வேறு. 300-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளை ஏற வேண்டும். முடிந்தவர்கள் கட்டாயம் போங்கள். அடியில் அசையாத தண்ணீர், அதற்கு மேலே ஒரு மேசை மாதிரி கல் இரண்டு தூண்களில் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டு, தண்ணீரைத் தொடாமல் நிற்கிறது. விளக்கை அணைத்து, இருட்டு எப்படி இருக்கும் என்று காட்டுவார்கள், பேசிக்கொண்டிருந்த எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். ஜூவல் குகையில் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள குழல் ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது, உள்ளே வெற்றிடமான சுண்ணாம்புக் குழல், நாம் ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா பருமன்தான். அங்கேயும் படிகள் நிறைய.

பிள்ளைகளை எந்த பீச்சில் இறக்கலாம்?

மேற்கே பார்த்த கடற்கரைகள் அலைச்சறுக்கு வீரர்களுக்கு. பிரவெல்லியில் உள்ள சர்ஃபர்ஸ் பாயின்ட்டில் உலகப் போட்டிகளே நடக்கின்றன, கரையில் உட்கார்ந்து பாருங்கள், இறங்காதீர்கள். பிள்ளைகளுக்கு வடக்கே பார்த்த மீலப், பஸ்ஸல்டன் கடற்கரை இரண்டும் நல்லவை. குளம் மாதிரி இருக்கும்.

ஹாமலின் பே கரைக்கு மிக அருகில், கணுக்கால் தண்ணீரிலேயே பெரிய திருக்கை மீன்கள் வரும். எங்கள் அத்தை பார்த்துவிட்டுக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. உணவு போடாதீர்கள், தொடாதீர்கள், வாலில் முள் இருக்கிறது. இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பாறை மேல் ஏறி செல்ஃபி எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் அமைதியாக இருக்கும், பிறகு ஒரே ஒரு பெரிய அலை வந்து பாறையைத் துடைத்துக்கொண்டு போகும். பாறை நனைந்திருந்தால் அலை அங்கே வரை வருகிறது என்று அர்த்தம்.

"செல்லார் டோர்" என்று எல்லா இடத்திலும் போர்டு இருக்கே, அது என்ன? உள்ளே போய் என்ன சொல்லணும்?

ஒயின் தயாரிக்கும் தோட்டத்திலேயே இருக்கும் விற்பனை அறை. பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். "டேஸ்டிங் பண்ண வந்தோம்" என்றால் போதும். ஐந்தாறு வகை ஒயினை ஒவ்வொன்றாக ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் ஓரிரு வாய்தான். முகர்ந்து பார்க்கலாம், சுவைக்கலாம், பிடிக்காவிட்டால் பக்கத்தில் உள்ள பாத்திரத்தில் துப்பலாம். துப்புவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தயாரிக்கிறவர்களே நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பொறுமையாக விளக்குவார்கள்.

இப்போது பல இடங்களில் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நாலு பேருக்கு மேல் போனால் முன்பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளை உள்ளே விடுவார்கள், 18 வயதுக்குக் கீழே ஊற்ற மாட்டார்கள்.

நூறு ஒயினரி இருக்காமே, எதற்குப் போவது?

ஒரு நாளைக்கு இரண்டு, அதிகபட்சம் மூன்று. அதற்கு மேல் நாக்கு எதையும் பிரித்தறியாது, பணம்தான் போகும்.

கதைக்காக வாஸ் ஃபீலிக்ஸ் போங்கள். 1960-களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி, இந்த வட்டாரத்தின் மழையும் வெப்பமும் நல்ல ஒயின் திராட்சைக்குப் பொருந்தும் என்று எழுதினார். அதுவரை இது பால் மாடும் மரம் வெட்டுதலும்தான். அதைப் படித்துவிட்டு பெர்த்தைச் சேர்ந்த இதய மருத்துவர் டாம் கல்லிட்டி 1967-இல் வாஸ் ஃபீலிக்ஸில் கொடி நட்டார். பின்னாலேயே மாஸ் உட், கல்லன் ஆகியவற்றைத் தொடங்கியவர்களும் மருத்துவர்கள்தான். கல்லிட்டி வார நாளில் பெர்த்தில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, வாரக் கடைசியில் பல மணி நேரம் காரோட்டி வந்து மண்ணைக் கொத்தியவர்.

கல்லிட்டியின் முதல் அறுவடையில் பெரும்பகுதியைப் பறவைகள் தின்றுவிட்டன. அவற்றை விரட்ட ஒரு வல்லூறைக் கொண்டுவந்து பறக்கவிட்டார், அது பறந்து போனது போனதுதான், திரும்பவில்லை. அந்த வல்லூறுதான் இன்றும் அவர்கள் லேபிளில் இருக்கிறது.

தோட்டம் பார்க்க வாயேஜர் எஸ்டேட், தென்னாப்பிரிக்க டச்சு பாணியில் வெள்ளைக் கட்டடமும் ரோஜாத் தோட்டமும். குடிக்காதவர்களுக்கும் அது நல்ல இடம். லூவின் எஸ்டேட்டில் ஓவியக்கூடமும் பெரிய புல்வெளியும் உண்டு, 1985 முதல் அந்தப் புல்வெளியில் இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. மூன்றாவதாக, சாலையோரம் கையெழுத்துப் போர்டு வைத்திருக்கும் ஏதாவது ஒரு சின்ன இடம். அங்கே ஊற்றுகிறவரே கொடி வெட்டியவராக இருப்பார்.

ஒரு வாய்தானே, டேஸ்டிங் முடிச்சிட்டு நானே கார் ஓட்டலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 சதவீத ஒயின் 100 மில்லி என்றால் 10 கிராம் ஆல்கஹால், இங்கே அதை ஒரு "ஸ்டாண்டர்ட் டிரிங்க்" என்பார்கள். ஒரு இடத்தில் ஐந்து வகை, ஒவ்வொன்றும் 30 மில்லி ஊற்றினால் 150 மில்லி. மூன்று இடம் போனால் 450 மில்லி, அதாவது அரை பாட்டிலுக்கும் மேல். ரத்தத்தில் சட்ட வரம்பு 0.05. புது லைசென்ஸ், அதாவது பி பிளேட் என்றால் பூஜ்யம். பஸ்ஸல் ஹைவேயில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்வது சர்வ சாதாரணம்.

ஒருவர் அன்றைக்குக் குடிக்காமல் இருங்கள், அல்லது ஊரிலிருந்து கிளம்பும் டூர் வேனில் இடம் பிடியுங்கள். "துப்பிவிட்டால் போதை ஏறாதுதானே?" என்று ஒரு தம்பி கேட்டார். குறையும், பூஜ்யம் ஆகாது.

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் பார்த்தாச்சு. இதில் என்ன புதுசு?

நல்ல கேள்வி. கம்பத்தில் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போடுகிறோம், தலைக்கு மேல் குலை தொங்கும், வெவ்வேறு தோட்டத்தில் வெவ்வேறு நேரம் கவாத்து செய்து வருடம் முழுக்கப் பழம் எடுக்கிறோம். இங்கே பந்தல் இல்லை. கம்பி வேலி மாதிரி வரிசை, குலை முழங்கால், இடுப்பு உயரத்தில். வருடத்துக்கு ஒரே அறுவடை. குளிர்காலத்தில் கொடி மொத்தமும் இலை உதிர்த்துக் கட்டை மாதிரி நிற்கும், பார்த்துவிட்டு "காய்ந்துபோச்சே" என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அது உறக்கம்தான். பழமும் சின்னது, தோல் தடிமன், விதை பெரிது, ஆனால் நாம் சாப்பிடும் திராட்சையைவிட இனிப்பு.

பிப்ரவரியில் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தோட்ட ஓரங்களில் மர்ரி என்ற யூகலிப்டஸ் மரம் வெள்ளைக் கொத்தாகப் பூத்திருக்கும். அது நன்றாகப் பூத்த வருடம் தோட்டக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள், ஏனென்றால் சில்வர்ஐ என்ற சிட்டு தேன் குடிக்க அங்கே போய்விடும். பூக்காத வருடம் அதே சிட்டு திராட்சைக்கு வரும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் இனம்தான், கட்டைவிரல் அளவு உடம்பு. பழத்தை முழுசாகத் தின்னாது, ஊசி குத்தினது போல ஒரு ஓட்டை போட்டு உறிஞ்சிவிட்டு அடுத்ததற்குப் போகும். அந்த ஓட்டை வழியாகச் சாறு கசிந்து குலை முழுக்க அழுகும். வரிசைகள் மேல் வெள்ளை வலை போர்த்தியிருப்பதைப் பார்த்தால் அது இந்தச் சிட்டுக்காகத்தான். மேலே சொன்ன வல்லூறு கதைக்கும் காரணம் இந்த மாதிரிப் பறவைகளே.

கொடிகளுக்கு நடுவில் நின்று ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமா?

கேட்காமல் உள்ளே போகாதீர்கள். ஃபைலாக்ஸெரா என்று ஒரு பூச்சி இருக்கிறது, வேரை அரித்துக் கொடியையே கொன்றுவிடும், 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் தோட்டங்களைக் காலி செய்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அது இல்லை. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் சில பகுதிகளில் இருக்கிறது. செருப்பில், ஷூவில் ஒட்டிய மண்ணோடு அது பயணம் செய்யும். போன வாரம் மெல்போர்ன் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த அதே ஷூவோடு இங்கே வரிசைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். செல்லார் டோரில் கேட்டால் எங்கே நிற்கலாம் என்று காட்டுவார்கள், புல்தரையில் நின்றாலே பின்னால் கொடி அழகாக விழும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சொல்லிவைக்க வேண்டும். ஒயினரி உணவகங்கள் பலவும் மதியம் மட்டும் திறப்பவை, 2 மணிக்கு மேல் போனால் அடுப்பு அணைந்திருக்கும். முன்பதிவின்போதே "முட்டை, மீன் சாஸ் இல்லாமல்" என்று விவரமாக எழுதுங்கள், வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் முட்டை வரும்.

நாங்கள் செய்வது இது: சமையலறை உள்ள வீடாக எடுப்போம், இரவு அங்கேயே சோறு. மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கடற்கரைப் பூங்காவில் உட்காருவோம். பூங்காக்களில் இலவச மின் அடுப்புத் தட்டுகள் இருக்கும், பொத்தானை அழுத்தினால் சூடாகும். இறைச்சி சுட்ட தட்டு என்று தயங்குகிறவர்கள் அலுமினியத் தாள் விரித்துக்கொள்ளுங்கள், அதன் மேலேயே தோசை வார்த்தவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு.

ஒயின் திராட்சையில்தானே செய்றாங்க, அது சைவம்தானே?

எல்லாமே அல்ல. புளித்த சாறில் மிதக்கும் தூசியையும் துவர்ப்பையும் அடியில் படிய வைக்க ஏதாவது ஒன்றைக் கலப்பார்கள். சிவப்பு ஒயினுக்கு முட்டை வெள்ளைக்கரு, வெள்ளை ஒயினுக்குப் பால் புரதம் அல்லது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் இசிங்கிளாஸ். பிறகு வடிகட்டி எடுத்துவிடுவார்கள் என்றாலும், பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான். பென்டோனைட் என்ற களிமண்ணை மட்டும் பயன்படுத்துகிறவர்களும், எதையும் சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள்.

பாட்டிலின் பின்பக்கம் பால், முட்டை என்று எழுதியிருந்தால் தெரிந்துவிடும். இசிங்கிளாஸை எழுத வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை, அதனால் லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். செல்லார் டோரில் "இது வீகனா?", அதாவது விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் சேராததா என்று கேளுங்கள்.

வரும்போது ஊரிலிருந்து பழம், கறிவேப்பிலை எடுத்துட்டு வரலாமா? போகும்போது பாட்டில் எடுத்துட்டுப் போகலாமா?

வரும்போது வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தால் உணவுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். மெல்போர்ன், சிட்னியிலிருந்து வந்தாலும் பழம், காய், தேன் ஆகியவற்றுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் தனிக் கட்டுப்பாடு உண்டு. காரணம் ஃபைலாக்ஸெரா பற்றிச் சொன்னதேதான், இங்கே இல்லாத பூச்சியையும் நோயையும் உள்ளே விடாமல் இருப்பது.

போகும்போது எடுத்துப்போகலாம். இந்தியாவுக்குள் வரியில்லாமல் பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஒரே கடையில் 300 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கி, வாங்கிய 60 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பினால், விமான நிலையத்தில் ஜிஎஸ்டியோடு ஒயின் வரியையும் திருப்பிக் கேட்கலாம். பில் கையில் இருக்கட்டும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே அதிகாரிகளிடம் பாட்டிலைக் காட்ட வேண்டும், நிறைய பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ராத்திரி கார் ஓட்டப் பயமா இருக்கு, கங்காரு குறுக்கே வருமா?

வரும். சூரியன் மறையும் நேரமும் விடியற்காலையும்தான் மோசம். அந்த நேரம் அறையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள், பக்கத்தில் மரம் இருக்கும். வாடகைக் கார் காப்பீட்டில் இரவில் விலங்கு மோதினால் என்ன என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். கேவ்ஸ் ரோட்டில் சில இடங்களில் ஃபோன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் மிச்சம். எங்கே போகலாம்?

அன்றிரவும் அங்கேயே தங்குவதாக இருந்தால் ரெட்கேட் பீச். ஊரிலிருந்து கால் மணி நேரம்தான், கூட்டமும் இருக்காது. அங்கே கடலுக்குள் ஒரு பாறை இருக்கிறது, ஐசக்ஸ் ராக் என்று பெயர்.

1876 டிசம்பரில் ஜார்ஜெட் என்ற நீராவிக் கப்பல் இந்தக் கரையில் தரைதட்டியது. முதலில் பார்த்தவர் சாம் ஐசக்ஸ், மாடு மேய்க்கும் வேலையில் இருந்த பழங்குடியைச் சேர்ந்தவர். பஸ்ஸல் குடும்பத்தாரின் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னார், அந்த வீட்டின் 16 வயதுப் பெண் கிரேஸும் அவரும் ஆளுக்கொரு குதிரையில் அலைக்குள் இறங்கி, திரும்பத் திரும்பப் போய் ஆட்களைக் கரை சேர்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது, பக்கத்தில் ஒரு ஊருக்கே கிரேஸ்டவுன் என்று பெயர் வைத்தார்கள். கூடவே அலையில் இறங்கியவருக்கு வெண்கலம். நெடுங்காலம் கதை சொன்னவர்கள் அவர் பெயரை விட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இரண்டு பேரின் பெயரையும் சொல்லுங்கள், முதலில் பார்த்தவர் யார் என்பதையும் சொல்லுங்கள். மணலில் உட்கார ஒரு துண்டும், காற்றுக்கு ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், கோடையிலும் அங்கே சாயங்காலம் குளிரும்.